எச்சிவேரியா: இலையைப் பார்த்துக் கோளாறு கண்டறிய, பெங்களூரு பால்கனிகளுக்கு

அல்சூரிலும் விவேக் நகரிலும் நம்மவர் வீட்டு பால்கனிகளில் துளசித் தொட்டிக்குப் பக்கத்திலேயே, தடித்த இலைகளை ரோஜாப்பூப் போல வட்டமாக அடுக்கிவைத்த எச்சிவேரியாவும் உட்கார்ந்திருக்கும். காலையில் துளசிக்கு ஊற்றுகிற கையோடு அதற்கும் அரைச் சொம்பு. இந்தச் செடி சாவதற்கு வேறு நோய் எதுவும் தேவையில்லை.

எச்சிவேரியா இனங்களில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மலைச்சரிவுகளைச் சேர்ந்தவை. பாறை இடுக்கில், பெய்த மழை உடனே வடிந்துபோகும் இடத்தில் வளர்ந்து பழகியவை. கிடைத்த தண்ணீரைத் தடித்த இலைகளில் சேர்த்துவைக்கும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். அதனால் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவின் குளிர்ந்த இரவு இதற்குத் தோதானது. சென்னையில் மூச்சுத்திணறும் செடி இங்கே வந்தால் தேறிவிடும். தோதில்லாதது ஜூன் முதல் அக்டோபர் வரை நீளும் ஈரமும் மேகமூட்டமும்தான். கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி அந்த ஐந்து மாதத்தில் முளைப்பவை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று காரியம் செய்யுங்கள். அடி இலை ஒன்றையும் நடு அடுக்கு இலை ஒன்றையும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தொட்டியைத் தூக்கி எடை பாருங்கள். எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தால் ஈரம் இருக்கிறது. அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. மேல்மண் காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம். மேலே புழுதி பறக்கும்போதே அடியில் சேறாக இருக்கும் தொட்டிகள் ஏராளம்.

இலை சுருங்கித் தொய்ந்திருக்கிறது

அதிகம் பேரை ஏமாற்றும் அறிகுறி இதுதான். சுருக்கத்தைப் பார்த்ததும் தாகம் என்று முடிவுகட்டித் தண்ணீர் ஊற்றுகிறோம். ஆனால் தண்ணீர் இல்லாத செடியும் சுருங்கும்; வேர் அழுகியதால் தண்ணீரை உறிஞ்ச முடியாத செடியும் சுருங்கும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர்.

தாகமென்றால் சுருக்கம் அடி இலைகளில் தொடங்கும். செடி பழைய இலைகளின் சேமிப்பை எடுத்து நடுக்குருத்துக்குக் கொடுக்கும். அடி இலை வளைந்து கொடுக்கும், ஆனால் நிறம் மாறியிருக்காது. தொட்டி கனமற்று இருக்கும். குச்சி சுத்தமாக வெளியே வரும். இப்படி இருந்தால் தண்ணீர் அடித்துளை வழியாக வழிந்து வரும்வரை தாராளமாக ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு ஸ்பூன் ஊற்றும் பழக்கம் எதற்கும் உதவாது. அது மேல் வேரை மட்டும் நனைத்துவிட்டு அடி வேரைக் காய வைக்கும். இரண்டு மூன்று நாளில் இலைகள் விறைப்பாகிவிட்டால் விஷயம் முடிந்தது.

ஊற்றி மூன்று நாளாகியும் சுருக்கம் அப்படியே இருக்கிறதா? இன்னொரு முறை ஊற்றாதீர்கள். செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் அறுபடாது. அழுகிய வேர் கருத்து, தோல் தனியாக உருவிக்கொண்டு வரும். உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். கொஞ்சம் வேர்தான் கெட்டிருக்கிறதென்றால் கெட்டதை வெட்டிவிட்டு, செடியை நிழலில் இரண்டு மூன்று நாள் அப்படியே போட்டுவைத்து, காய்ந்த புது மண்ணில் நடலாம். முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்துப் போதும். அதுவரை செடி செத்துவிடாது. இலைகளில் இருப்பு இருக்கிறது.

சுருக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. புதிதாக வாங்கிய செடிகளில் வருவது. ஜனவரியிலும் ஆகஸ்டிலும் லால்பாக் மலர்க்கண்காட்சி நடக்கும் நாட்களில் சிறு சிறு கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிகளில் வாங்கி வருகிறோமே, அவற்றில் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவுதான் நிரப்பியிருக்கும். அது ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சுலபத்தில் உள்ளே விடாது. ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து கீழே வந்துவிடும். நன்றாக நனைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம், நடுக்கட்டி மட்டும் காய்ந்தே கிடக்கும். தொட்டியை அரை மணி நேரம் தண்ணீரில் உட்கார வைத்தால் தற்காலிகமாகச் சரியாகும். வீட்டுக்கு வந்த ஓரிரு வாரத்தில் மண் மாற்றுவதே முறையான தீர்வு.

இலை மஞ்சளாகிக் கூழாகிறது, தொட்டாலே உதிர்கிறது

இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தண்ணீர் மிகுதி. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நீர் தேங்கி ஒளி ஊடுருவித் தெரியும். இத்தனைக்கும் இலை சுருங்கியிருக்காது, உப்பித்தான் இருக்கும். அதைப் பார்த்து ‘செழிப்பாக இருக்கிறது’ என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

உதிர்ந்தவை ஓரிரண்டு அடி இலைகள் மட்டும், தண்டு கெட்டியாகப் பச்சையாக இருக்கிறது என்றால் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். தண்டின் அடி கருத்திருந்தால் காத்திருக்கக் கூடாது. அழுகல் தண்டு வழியாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது.

கூரான பிளேடைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள். கருப்புக்கு மேலே, கெட்டியான பகுதியில் தண்டைக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய முகத்தை உற்றுப் பாருங்கள்: முழுக்க வெளிர் பச்சையாக, ஈரமாக, ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளியோ ஓரத்தில் ஒரு பழுப்பு வளையமோ தெரிந்தால் அழுகல் அங்கேயும் வந்துவிட்டது என்று அர்த்தம். பிளேடைத் துடைத்துவிட்டு இன்னும் ஐந்து மில்லிமீட்டர் மேலே வெட்டுங்கள். சுத்தமான முகம் வரும்வரை இதேதான். சில செடிகளில் குருத்துவரை போக வேண்டியிருக்கும். அப்போது தண்டை மறந்துவிட்டு, புதுச் செடி முளைக்க வைப்பதற்காக நல்ல இலைகளைக் கழற்றி எடுத்துக்கொள்வது ஒன்றே வழி.

வெட்டிய தலைப்பகுதியை நேரடி வெயில் படாத இடத்தில் நான்கைந்து நாள், மழைக்காலமென்றால் ஒரு வாரம், காய விடுங்கள். வெட்டுமுகம் வறண்டு தோல் கட்ட வேண்டும். பிறகு காய்ந்த மண்ணின்மேல் உட்கார வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெளிர் சிவப்பாக வேர் எட்டிப்பார்க்கும்; அதன் பிறகுதான் தண்ணீர்.

அழுகலின் வேர்க்காரணம் மண். நர்சரிக்காரர் தரும் செம்மண், தொழு உரம், நார்க்கழிவுக் கலவை ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் அருமையானது. எச்சிவேரியாவுக்கு அதில் ஒரு பங்கு போதும். மீதி இரண்டு பங்கு பெர்லைட், பியூமிஸ் (இரண்டும் எடை குறைந்த எரிமலைக்கல் பருக்கைகள்) அல்லது 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுக்கு உடைத்த செங்கல். எம் சாண்ட் பெங்களூருவில் தெருவுக்குத் தெரு கிடைக்கிறதே என்று அப்படியே கலந்துவிடாதீர்கள். அதிலிருக்கும் மாவுத்தூள் ஈரத்தில் இறுகிக் காரை மாதிரி ஆகிவிடும். சலித்து, கழுவி, மேலே நிற்கும் பருக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கலவை சரியா என்று பார்க்க, தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே குளமாக நிற்காமல் அப்போதே உள்ளே இறங்கினால் சரி.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்பது பரம்பரை நம்பிக்கை. நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே இருக்கும் மண் முழுதாக ஊறிய பிறகுதான் இறங்கும். ஆகவே ஈரப்பகுதி கீழே போவதற்குப் பதில் வேருக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். துளையில் மண் கொட்டாமல் இருக்க ஒரு வலைத்துண்டு போதும். துளையே இல்லாத பீங்கான் கிண்ணங்களைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. பரிசாக வந்திருந்தால் சாவிக்கொத்தைப் போட்டுவைக்கப் பயன்படுத்துங்கள்.

தண்டு நீண்டு, இலைகள் இடைவெளி விட்டு விரிகின்றன

நெருக்கமாக இருந்த அடுக்கு பிரிந்து, இலைகள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, நடுக்குருத்து ஒரு பக்கமாகத் தலைசாய்க்கும். நிறமும் வெளிறும். வெளிச்சக் குறைவு. எச்சிவேரியாவுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாமல் நேரடி வெயில் வேண்டும். காலை வெயிலானால் மிகச் சிறப்பு. வீட்டுக்குள் டீப்பாய் மேல், டிவிக்குப் பக்கத்தில் என்று வைப்பதெல்லாம் புகைப்படத்துக்குத்தான்.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. “ஆறு மாதமாக அதே இடத்தில்தான் இருக்கிறது, திடீரென்று ஏன் நீள்கிறது?” என்பார்கள். தொட்டி நகரவில்லை, சூரியன் நகர்ந்துவிட்டது. பெங்களூரு ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. அன்றிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். அதாவது டிசம்பரில் தெற்குப் பார்த்த பால்கனிக்குள் ஆழமாக வந்து விழுந்த வெயில், மே மாதத்தில் மேல்மாடித் தளத்தின் நிழலுக்கு வெளியே நின்றுவிடும். அதோடு ஜூன் மேகமும் சேர்ந்துகொள்கிறது. தெற்கு பால்கனிச் செடிகள் மழைக்காலத்தில் நீள்வதன் ரகசியம் இதுதான். கோடையில் அவற்றைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நகர்த்துங்கள், அல்லது கிழக்கு ஜன்னலுக்கு மாற்றுங்கள். அக்டோபரில் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளலாம். வடக்கு பால்கனிக்காரர்களுக்கு நேர்மாறு. அவர்களுக்கு மே, ஜூன், ஜூலைதான் வெயில் எட்டிப்பார்க்கும் காலம்.

அக்கம்பக்கத்து அடுக்குமாடி எல்லாத் திசையையும் அடைத்துக்கொண்டிருந்தால் வெள்ளை எல்இடி குழல்விளக்கைச் செடிக்கு ஓர் அடி உயரத்தில் கட்டி, நாளைக்கு 12 மணி நேரம் எரிய விடலாம். ஊதா நிற விளக்கு அவசியமில்லை. அது வீட்டை மதுக்கடை மாதிரி ஆக்குவதுதான் மிச்சம்.

நீண்ட தண்டு திரும்பக் குறுகாது. வெயிலுக்கு மாற்றினால் இனி வரும் இலைகள் நெருக்கமாக வரும், அவ்வளவே. உருவம் உறுத்தினால் தலையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்டோடு வெட்டி, மேலே சொன்னபடி காயவைத்து நடுங்கள். அடித்தண்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் நான்கைந்து இலை இருந்தால், கணுக்களில் குட்டிகள் முளைக்கும்.

பழுப்புத் திட்டுகள்

எந்தப் பக்கம் என்று பாருங்கள். வெயில் படும் பக்கத்தில் மட்டும், வறண்டு, தழும்பு போல வெளிர் பழுப்பாக இருந்தால் வெயில் சுட்டது. நர்சரியில் பச்சை நிழல்வலைக்கு அடியில் இருந்த செடியை மார்ச் மாதத்தில் நேரே மொட்டை மாடியில் வைத்தால் இரண்டே நாளில் இது வரும். செடி வெயிலுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும்: முதலில் காலை ஒரு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். பல நாள் மேகமூட்டத்துக்குப் பிறகு சுள்ளென்று அடிக்கும் வெயிலும் சுடும். தழும்பு ஆறாது, அந்த இலைக்கு வயதாகி உதிரும்போதுதான் போகும்.

திட்டு கருப்பாக, வட்டமாக, ஈரத்தோடு, நாளுக்கு நாள் பெரிதாகிறதா? பூஞ்சை. மழை நாட்களில் இலைமேல் தண்ணீர் தேங்குவதால் வருவது. பட்ட இலைகளை அடியோடு கிள்ளி வெளியே எறியுங்கள், தொட்டிகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள், மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். பெரும்பாலும் இதிலேயே நின்றுவிடும். நடு அடுக்கில் தேங்கிய தண்ணீரை வாயால் ஊதியோ டிஷ்யூ காகிதத்தால் ஒற்றியோ எடுத்துவிடுவது மழைக்கால வழக்கமாகவே இருக்கட்டும்.

ஓரம் மட்டும் சிவந்தால் பதற வேண்டாம். டிசம்பர், ஜனவரிக் குளிரும் நல்ல வெயிலும் சேர்ந்தால் இலையில் செந்நிறமி கூடும். இந்தச் செடியின் மிக அழகான கோலம் அப்போதுதான்.

வெள்ளையாக ஏதோ இருக்கிறது

வெள்ளையில் மூன்று வகை.

இலை முழுக்கச் சீராகத் திருநீறு பூசியதுபோல இருந்தால் அது செடியே சுரக்கும் மெழுகுப்பொடி. வெயிலையும் ஈரத்தையும் தடுக்கும் கவசம். தொட்டால் விரல் ரேகை பதியும். பதிந்த இடத்தில் அந்த இலையில் மறுபடி பொடி முழுதாக வராது. ‘தூசியாக இருக்கிறதே’ என்று ஈரத்துணியால் துடைக்கும் உறவினர்களிடமிருந்து செடியைக் காப்பாற்றுங்கள்.

மண்மேலும் தொட்டி விளிம்பிலும் பொருக்குத் தட்டியிருந்தால் அது உப்பு. காவிரித் தண்ணீர் வராத லேஅவுட்டுகளில் போர்வெல்லும் டேங்கர் தண்ணீரும்தான் கதி. அதிலுள்ள சுண்ணாம்பு உப்பு ஆவியாகாமல் தங்கிவிடும். வீணாக்க வேண்டாமே என்று ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடுபவர்கள் பலர். நோக்கம் நல்லது, ஆனால் இயந்திரம் வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். பிடித்துவைத்த மழைநீரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி நிறைய ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட்டால் உப்பு கரைந்து வெளியேறும்.

மூன்றாவதுதான் வம்பு. இலை தண்டோடு சேரும் இடுக்கில், பஞ்சைத் துளித்துளியாகக் கிள்ளி வைத்ததுபோல இருந்தால் மாவுப்பூச்சி. இதைச் செடி காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் எறும்பு காட்டிக்கொடுத்துவிடும். தொட்டியின் பக்கவாட்டில் எறும்புச் சாரி மேலே ஏறுகிறதென்றால் பூதக்கண்ணாடியை எடுங்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியேற்றும். அதற்காக எறும்பு அதற்குக் காவலிருக்கும், தொட்டி விட்டுத் தொட்டி சுமந்துகொண்டும் போகும். அருகில் பார்த்தால் முட்டை வடிவ உடம்பு, விளிம்பைச் சுற்றி மெழுகு இழைகள், மெதுவான நகர்வு. குருத்துக்குள் புகுந்துவிட்டால் புது இலைகள் கோணலாக, குட்டையாக வரும்.

முதலில் அந்தத் தொட்டியைத் தனியே எடுத்துவையுங்கள். பஞ்சுக்குச்சியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பஞ்சுப்பொட்டின் மீதும் வையுங்கள். மெழுகு கரைந்து பூச்சி செந்நிறமாகத் தெரியும், உடனே செத்துவிடும். மாலையில் செய்யுங்கள், ஸ்பிரிட் பட்ட இலையில் வெயில் விழக் கூடாது. ஒரு தடவையில் ஒழிந்துவிடாது. முட்டைகள் பொரிந்து வந்துகொண்டே இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறையாக நான்கு வாரமாவது தொடர வேண்டும். வேப்பெண்ணெய், ஒரு லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு சோப்புக் கரைசலோடு, பரவியிருக்கும் செடிக்குத் தெளிக்கலாம். மெழுகுப்பொடி போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

மேலே ஒரு பூச்சியும் இல்லை, ஆனால் செடி மாதக்கணக்கில் வளராமல் முடங்கியிருக்கிறது என்றால் தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். வேரிலும் தொட்டியின் உட்சுவரிலும் வெள்ளைப்பொடி அப்பியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணை முழுக்க உதறி, வேரைக் கழுவி, இரண்டு நாள் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணை இன்னொரு தொட்டியில் கொட்டாதீர்கள்.

இவற்றுக்கு வைத்தியம் வேண்டாம்

அடி இலைகள் ஒன்றிரண்டாகக் காய்ந்து காகிதமாவது இயல்பு. கிள்ளி எடுத்துவிடுங்கள், விட்டுவைத்தால் பூச்சி குடியேறும். தண்டில் இளஞ்சிவப்பு வேர்கள் காற்றில் தொங்கினால், தண்ணீர் கொஞ்சம் குறைவு அல்லது காற்றில் ஈரம் அதிகம். நீண்ட காம்பில் பூ வந்தால் செடி சாகப்போகிறது என்று யாராவது சொல்வார்கள். அது பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் செம்பர்விவம் என்ற வேறொரு செடியின் குணம். அதில் பூத்த தலை பூத்து முடிந்ததும் இறந்துவிடும். எச்சிவேரியா ஆண்டுதோறும் பூத்துக்கொண்டே வாழும். செடி ஏற்கெனவே நலிந்திருந்தால் மட்டும் காம்பை வெட்டிவிடுங்கள். பூக்காம்பில் அசுவினிப் பூச்சி மொய்த்தாலும் வெட்டிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் தேறவில்லை

சித்தாபுரம் நர்சரிகளில் “வாரம் ஒரு தடவை தண்ணீர் விடுங்கள் அக்கா, போதும்” என்பார்கள். நிழல்வலைக்கு அடியில், நாள் முழுதும் காற்று வீசும் இடத்தில் அந்தக் கணக்கு சரி. மழைக்கால பால்கனியில் மூன்று வாரம்கூட ஊதுபத்திக் குச்சி ஈரமாகவே வரலாம். அதுவரை பொறுத்திருக்க வேண்டியதுதான். இலையில் நீலம், ஊதா என்று இல்லாத நிறமெல்லாம் இருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பெயிண்ட் அடித்து விற்பதும் உண்டு. பெயிண்டுக்கு அடியில் இலைக்கு வெளிச்சம் சரியாகப் போகாது.

வெயிலே வராத வீடென்றால் எச்சிவேரியாவோடு மல்லுக்கட்டாதீர்கள். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஹாவொர்த்தியா அதே மாதிரி வட்ட அடுக்குதான், ஆனால் புதர் நிழலில் வளர்ந்து பழகியது. வெளிச்சமான ஜன்னல் ஓரமே அதற்குப் போதும். வெயில் இருக்கிறது, கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்பவர்களுக்குக் கிராப்டோபெட்டாலம். சாம்பல் நிறத்தில், கொஞ்சம் ஒழுங்கற்று, தொட்டியை விட்டு வழிந்து தொங்கும். உதிர்ந்த இலை விழுந்த இடத்திலேயே வேர்விடும். மழையில் ஓரளவு நனைந்தாலும் தாங்கும்.